தனம் வீட்டுத் திராட்சை ரசம்

ஜாஸ்மின் குழாயின் முனையில் சிரிஞ்சைப் பொருத்தி மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். காலையில் கொடுத்த கஞ்சியில் மிச்சம் அதிகமில்லை. அப்பாவின் தலைக்கு இன்னொரு தலையணையை அண்டக் கொடுத்துவிட்டு, சிரிஞ்சின் உள்தண்டைக் கழற்றி, வெறும் புனலைப் போல அதை உயர்த்திப் பிடித்து, துணியில் வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சியை ஊற்றினாள். மூக்கில் சொருகியிருந்த குழாய் வழியாக அது தன்பாட்டுக்கு இறங்கியது. ஏசுபாதம் அதைக் கவனிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்ப்பதற்குப் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு தண்ணீர் டேங்கும்தான் இருந்தன.

தெருக்கோடியில் கோயில் மணி அடித்தது. மாதத்தின் முதல் ஞாயிறு.

"ஆராதனை முடிஞ்சி ஐயரு நேரா இங்கதான் வர்றாரு," என்றாள் கன்னியம்மா சமையலறையிலிருந்து. "நற்கருணை எடுத்துகினு வர்றாரு. நான்தான் சொல்லிட்டு வந்தேன்."

"அப்பாவக் கேட்டியாம்மா?"

"அவர இன்னாத்துக்குக் கேக்கணும்?"

கஞ்சி முடிந்ததும் ஜாஸ்மின் தண்ணீர் ஊற்றிக் குழாயைக் கழுவி மூடினாள். குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருப்பவள். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்குப் பேச்சும் விழுங்கும் சக்தியும் போன பிறகு, அங்கே கற்ற எல்லாவற்றையும் பம்மலில் இந்த இரண்டு அறை வீட்டில் செய்துகொண்டிருந்தாள். இரண்டு நாளாக நெஞ்சில் சளி கட்டியிருந்தது. டாக்டர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. இல்லையென்றால் சபை ஆயரைக் கூப்பிட்டிருக்கமாட்டாள்.

ஏசுபாதம் நற்கருணை எடுத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர்தான். வெள்ளைச் சட்டை, கடைசிக்கு முந்தின வரிசை. பாட்டுப் பாடுவார், பிரசங்கம் கேட்பார். முதல் ஞாயிறுகளில் மட்டும், ஆயர் அப்பத்தைக் கையில் எடுத்ததும் எழுந்து வெளியே போய், வண்டிகள் நிற்கும் பூவரச மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஜனங்கள் வரிசை வரிசையாகப் போய் முழங்காலிட்டு எழுந்த பிறகு, கடைசிப் பாட்டு தொடங்கியதும்தான் உள்ளே வருவார். மேஸ்திரி இன்னும் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார், மனசாட்சி உறுத்துகிறது என்று சபையார் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். ஆயர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மரத்தடியில் அவர் நிற்பது மாறவில்லை.

ஜாஸ்மினுக்குத் திடப்படுத்தல் ஆன வருஷம், முதன்முதலாக நற்கருணை எடுத்துவிட்டுத் திரும்பும்போது அவள் அப்பாவைத் தேடினாள். திறந்திருந்த கதவின் வழியே அவர் ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நிற்பது தெரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதாள். அன்றைக்குத்தான் கன்னியம்மா சொன்னாள்.

பம்மலில் தோல் கம்பெனிகள் நிறைய இருந்த காலம். ஏசுபாதம் ஒன்றில் மேஸ்திரி. அவருக்குக் கீழே வேலை செய்த மோகன்ராஜ் அதே சபைக்காரர், இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு மத்தியானம் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்து வைக்கலாம், விஷக்காற்று போகட்டும், கொஞ்ச நேரம் கழித்து இறங்குகிறேன் என்றார் மோகன்ராஜ். முதலாளி ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இறங்குடா, அஞ்சு நிமிஷ வேலை என்றார் ஏசுபாதம். இறங்கிய மோகன்ராஜ் ஏறி வரவில்லை. போலீஸ் விசாரித்தபோது, கம்பெனியில் சொல்லிக்கொடுத்ததை ஏசுபாதம் அப்படியே ஒப்பித்தார்: குடித்திருந்தான், நான் தடுத்தும் கேட்காமல் இறங்கிவிட்டான். கம்பெனியும் தப்பித்தது, மேஸ்திரி வேலையும் தப்பித்தது. மோகன்ராஜ் ஒரு நாளும் குடித்தவரில்லை. ஆனாலும் அடக்க ஆராதனையில் அப்போதிருந்த ஆயர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று குடியின் கேட்டைப் பற்றித்தான் பேசினார். குடிகாரனுக்குப் பரலோகத்தில் இடமில்லை என்று வசனத்தோடு சொன்னார். மோகன்ராஜின் மனைவி தனம் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டாள்.

அந்தக் கம்பெனி பிறகு மூடப்பட்டு, இடித்து, இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. தனம் பம்மலை விட்டுப் போகவில்லை. சபைக்கு நற்கருணைத் திராட்சை ரசம் செய்துகொண்டிருந்த கிழவி இறந்தபோது, நான் செய்கிறேன் என்று தானாகப் போய்க் கேட்டாள். குடிகாரன் பொண்டாட்டிதான் இதற்குச் சரியான ஆள் என்று கோயிலுக்குப் பின்னால் நின்று சிலர் சிரித்தார்கள். அவள் காதிலும் அது விழுந்திருக்கும். பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் போட்டு ஊறுகாய் ஜாடியில் கட்டி வைத்து, வெள்ளைத் துணியில் வடித்துக் கொடுத்துவந்தாள். ஏசுபாதம் ஒருவரைத் தவிர முழுச் சபையும் அதைக் குடித்தது.

"அது தனம் கைபட்டதுடி," என்று அன்றைக்குச் சொல்லி முடித்தாள் கன்னியம்மா. "இந்தாளுக்கு எப்படித் தொண்டையில எறங்கும்? நீ இத வெளில சொல்லிக்கினு திரியாத."

ஜாஸ்மின் யாரிடமும் சொன்னதில்லை.

*

ஆயர் ஜெபகுமார் உச்சிவேளையில் வந்தார். கையில் சின்ன மரப்பெட்டி. அதில் வெள்ளி டம்ளரும் தட்டும். வீட்டு நற்கருணைக்கு ஆயருடன் மாதர் சங்கத்திலிருந்து ஒருவர் வருவது அந்தச் சபையில் வழக்கம். இந்த மாதம் யார் முறை என்று கன்னியம்மா யோசிக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தனத்தைப் பார்த்ததும், வாங்க என்று சொல்ல வாயெடுத்து, பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள்.

தனம் கட்டிலுக்கு அருகில் வரவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். ஏசுபாதத்தின் இடது கை மட்டும்தான் அசையும். அது போர்வையைச் சேர்த்துப் பிடித்தது.

ஆயருக்கு இளவயது. போன மே மாதம்தான் இந்தச் சபைக்கு மாறி வந்திருந்தார். படுத்திருப்பவரின் மூக்குக் குழாயைப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறக்காமல் நின்றார்.

"வாயால முடியாதாம்மா?"

"முடியாதுங்க ஐயா. நுரையீரலுக்குப் போயிடும்."

"அப்ப இதுல குடுக்கலாமா? எனக்குத் தெரியல. இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரல."

"மருந்தெல்லாம் இதுலதான் போவுது," என்றாள் ஜாஸ்மின். "அப்பத்தைத் தண்ணில கரைச்சிடலாம். ரசத்துல மண்டி இருந்தா மட்டும் குழாய் அடைச்சிக்கும்."

"மண்டி இருக்கும். புது ஜாடி," என்றாள் தனம். "வெள்ளத் துணி எதனா கீதா?"

கஞ்சி வடிகட்டும் துணிகளில் துவைத்துக் காய்ந்த ஒன்றை ஜாஸ்மின் எடுத்துக் கொடுத்தாள். தனம் பாட்டிலோடு சமையலறைக்குள் போனாள். தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்த கன்னியம்மா உடனே வெளியே வந்துவிட்டாள். இரண்டு பேர் நிற்க முடியாத அளவுக்குச் சின்னச் சமையலறை இல்லை அது.

பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்தும் தம்பி பிரிட்டோவும் அப்போது வந்துசேர்ந்தான். மூக்கில் இன்னும் தாளிப்பு வாசனை இருக்கிறது என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். ஆயர் ஜெபத்தைத் தொடங்கினார். பாதியில் ஒரு விமானம் கூரைக்கு மேலே தாழ்ந்து போனது. பம்மலில் ஆறு மாதம் இருந்தாலே வந்துவிடும் பழக்கம் அவருக்கும் வந்திருந்தது. கண்ணைத் திறக்காமலே நிறுத்தி, சத்தம் விமான நிலையப் பக்கம் இறங்கிய பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார். பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். ஜாஸ்மின் அதை வாயால் சொல்லிக்கொண்டே சிரிஞ்சின் உள்தண்டைக் கழற்றிக் குழாயில் பொருத்தினாள்.

ஏசுபாதத்தின் இடது கை எழும்பிவந்து சிரிஞ்சைத் தள்ளியது.

அவள் மறுபடி பொருத்தினாள். கை மறுபடி தள்ளியது.

"தெரியாம பண்றாரு," என்றாள் கன்னியம்மா. "பிரிட்டோ, கையப் புடிச்சிக்கோ."

பிரிட்டோ பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் குழாயைப் பிடுங்கும் நோயாளிகளின் கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டுவது ஜாஸ்மினுக்கு அன்றாட வேலை. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை. ஆனால் இந்த வீட்டில் அப்பா விழுந்த நாளிலிருந்து ஒரு ஏற்பாடு இருந்தது. கண்ணை மூடினால் சரி. கையால் தள்ளினால் வேண்டாம். கஞ்சிக்கும் குளியலுக்கும் டி.வி. சத்தத்துக்கும் அதுதான் மொழி.

"விடுடா," என்றாள்.

"வேண்டாம்னா விட்டுடலாம்மா," என்றார் ஆயர். "கட்டாயப்படுத்திக் குடுக்கிறது இல்ல இது."

கன்னியம்மா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இந்தாளு இப்படியே போவணுமா? நாளைக்கு நான் அங்க போய் இவர எந்தப் பக்கம் தேடுவேன்?"

ஜாஸ்மின் அப்பாவைப் பார்த்தாள். அவர் சிரிஞ்சையும் பார்க்கவில்லை, ஆயரையும் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் கண்ணாடி டம்ளரோடு நின்ற தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாஸ்மின் குனிந்து அவர் காதருகே கேட்டாள். மற்றவர்களுக்கும் அது கேட்டிருக்கும்.

"அப்பா, நான் சொல்லட்டுமா?"

அவர் பார்வை அவளிடம் வந்து நின்றது. மூச்சு கரகரத்தது. பிறகு கண்ணை மூடினார். வழக்கமாக மூடித் திறப்பார். இப்போது மூடியே வைத்திருந்தார்.

ஜாஸ்மின் நிமிர்ந்தாள். "ஆண்ட்டி, மோகன்ராஜ் அங்கிள் குடிச்சிருக்கல. அவரு நேரம் கழிச்சு இறங்கறேன்னு சொன்னாரு. அப்பாதான் அப்பவே இறங்கச் சொன்னாரு. போலீஸ்ல அப்பா சொன்னது பொய்."

"ஜாஸ்மின்," என்றாள் கன்னியம்மா.

தனத்தின் கையில் டம்ளர் ஆடாமல் இருந்தது. "அவரு குடிக்கிறவரு இல்லன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "கூட வாழ்ந்தவ நான். என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?"

ஆயர் ஏதோ சொல்ல வந்தார். அவள் அவரைப் பார்க்காமலே பேசினாள். "அன்னிக்கு அவரு பொட்டி பக்கத்துல நின்னுகினு குடியப் பத்தியே பேசினாங்க. மொத்த சபையும் கேட்டுச்சு. அவரு எங்க போயிருப்பாருன்னு எனக்கு அப்பலேர்ந்து கேள்வி இல்ல. அவங்களுக்குத்தான் கேள்வி. அத்தினி பேர் காதுலயும் இது வுழணும்."

"சொல்றேன், ஆண்ட்டி," என்றாள் ஜாஸ்மின்.

தனம் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே கறுஞ்சிவப்பாக இருந்தது. அடியில் கொஞ்சம் மங்கல்.

"இன்னும் மண்டி கீது," என்றாள். "இரு, இன்னொரு தபா வடிகட்டிக்கினு வரேன்."

சமையலறையில் துணியைப் பிழியும் சத்தமும், டம்ளர் மேடையில் வைக்கப்படும் சத்தமும் கேட்டன. அவள் திரும்பி வந்து டம்ளரை ஆயரிடம் கொடுத்தாள். ஆயர் சொல்லவேண்டியதைச் சொல்லி ஜாஸ்மினிடம் கொடுத்தார். அவள் முதலில் அப்பம் கரைத்த தண்ணீரை ஊற்றினாள். பிறகு ரசத்தை. இடது கை போர்வைமேல் விரிந்தபடி கிடந்தது. கண்ணாடி போன்ற குழாயில் ஒரு சிவந்த கோடு மெதுவாக இறங்கி, கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தாண்டி, மூக்குக்குள் மறைந்தது. அடைக்கவில்லை. அவள் தண்ணீர் ஊற்றினாள். கோடு வெளுத்து இல்லாமல் போனது.

ஏசுபாதத்தின் முகத்தில் மாறுதல் எதுவும் தெரியவில்லை. கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பார்த்தார்.

*

அன்று சாயங்காலம், வெயில் எதிர்ச்சுவரில் ஏறிக்கொண்டிருந்தபோது, மூச்சுக்கு மூச்சு இடைவெளி அதிகமானது. ஜாஸ்மின் பழக்கத்தில் எண்ணத் தொடங்கிப் பிறகு நிறுத்திக்கொண்டாள். கன்னியம்மா பைபிளைத் திறந்து சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மூச்சு வரவில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. அந்த அதிகாரம் முடியும்வரை ஜாஸ்மின் காத்திருந்தாள். பிறகு குழாயைத் தானே உருவி எடுத்து, முகத்தைத் துடைத்தாள். பிளாஸ்திரி இருந்த இடம் மட்டும் கன்னத்தில் வெளுத்துத் தெரிந்தது.

ஐஸ் பெட்டி வந்தது. தெருவை அடைத்து ஷாமியானா போட்டார்கள். வந்தவர்கள் எல்லோரிடமும் கன்னியம்மா ஒரே செய்தியைச் சொன்னாள்: மத்தியானம்தான் நற்கருணை எடுத்தாரு. சபைச் செயலாளர் சம்பத், வயசாளி, பெட்டியின் கண்ணாடிமேல் கைவைத்து நின்று, அப்ப இனிமே பயமில்ல என்றார். வந்த பெண்கள் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொண்டார்கள். யாரோ கொடுத்த காப்பியைக் கன்னியம்மா முழுசாகக் குடித்தாள். பல வாரங்களில் அம்மா எதையும் மிச்சம் வைக்காமல் குடித்து ஜாஸ்மின் அப்போதுதான் பார்த்தாள்.

மறுநாள் காலையில் பிரிட்டோ அவளை மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டான். வீட்டுக்குள்ள சொன்னது வீட்டோட இருக்கட்டும் என்றான். தன் பிள்ளைகள் அதே ஞாயிறு பள்ளிக்குத்தான் போகவேண்டும், நாளைக்கு அவர்களை யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றான். அவன் கோபமாகப் பேசவில்லை. கெஞ்சினான். சின்ன வயதில் அவனுடைய சைக்கிள் செயினை அப்பா உட்கார்ந்து மாட்டிக்கொடுத்ததை எதற்கோ நினைவுபடுத்திவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கன்னியம்மா கெஞ்சவில்லை.

"ஆண்டவரு மன்னிச்சிட்டாரா இல்லியா?" என்று கேட்டாள். "உள்ள போச்சில்ல? நீதான ஊத்தின? அப்புறம் இன்னாத்துக்கு அந்தாளப் பொட்டில வச்சிக்கினு தோண்டற?"

அம்மா கேட்பது சரியான கேள்வி என்று ஜாஸ்மினுக்குத் தோன்றியது. ஜெபம் செய்ய வந்த ஆயரிடம் தெருமுனையில் வைத்து அதையே கேட்டாள். அவர் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"உங்க அம்மா சொல்றதுல தப்பு இல்லம்மா. எல்லார் முன்னாடியும் சொன்னாதான் மன்னிப்புன்னு நான் சொல்லமாட்டேன். அது நேத்தே ஆயிடுச்சு." ஒரு ஷேர் ஆட்டோவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். "ஆனா மன்னிப்பு கிடைச்சவருக்கு இனிமே மறைக்க என்ன இருக்கு?"

அவர் பைக்கில் ஏறி உட்கார்ந்தார்.

"அடக்க ஆராதனைல, சாட்சி சொல்ற நேரத்துல உங்க பேரச் சொல்லி நான் கூப்பிடமாட்டேன்," என்றார் அவர். "நீங்களா எழுந்திருந்தா சரி. இல்லன்னாலும் சரி."

*

கோயில் நிறைந்திருந்தது. வாரநாள் என்றாலும் பழைய தோல் கம்பெனி ஆட்கள் பலர் வந்திருந்தார்கள். சவப்பெட்டி பலிபீடத்துக்கு முன்னால், ஏசுபாதம் இத்தனை வருஷம் வராத இடத்தில், இரண்டு ஸ்டூல்கள்மேல் இருந்தது. சாட்சி நேரத்தில் முதலில் சம்பத் பேசினார். மேஸ்திரியின் ஒழுங்கைப் பற்றியும், கோயில் பண்டிகைக்கு அவர் பந்தல் போட உழைத்ததைப் பற்றியும், கடைசியில் நற்கருணையோடு அவர் கர்த்தருக்குள் போனதைப் பற்றியும் சொன்னார். பிரிட்டோ எழுந்து, எங்களுக்கு ஒரு குறையும் வைக்கல என்று சொல்லும்போதே அழுது உட்கார்ந்துவிட்டான்.

ஆயர் காத்திருந்தார். புத்தகத்தைத் திறக்கவில்லை.

ஜாஸ்மின் தனம் இருக்கும் இடத்தைத் தெரிந்து வைத்திருந்தாள். பெண்கள் பக்கம், நடு வரிசை, ஓரம். தனம் அவளைப் பார்க்கவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு சவப்பெட்டியைப் பார்த்திருந்தாள். பக்கத்தில் கன்னியம்மாவின் கை ஜாஸ்மினின் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கையை எடுத்து அம்மாவின் மடியிலேயே வைத்துவிட்டு ஜாஸ்மின் எழுந்தாள்.

அவள் வாயைத் திறக்கும் நேரத்தில் விமானம் வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அந்தச் சத்தத்துக்குள் சொல்லிமுடித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். சொன்னதாகவும் இருக்கும், யாருக்கும் கேட்டும் இருக்காது. அவள் சவப்பெட்டியின் பித்தளைக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விமானம் போனது. சத்தம் சுத்தமாக அடங்கி மின்விசிறிகள் மட்டும் கேட்கத் தொடங்கியபோது, எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க அப்பா தோல் கம்பெனில மேஸ்திரியா இருந்தப்போ மோகன்ராஜ் அங்கிள் தொட்டில இறங்கி இறந்தாரு," என்றாள். "அவரு குடிச்சிட்டு இறங்கல. அவரு குடிக்கிறவரே இல்ல. எங்க அப்பாதான் இறங்கச் சொன்னாரு. குடிச்சிருந்தாருன்னு சொன்னது பொய். அதனாலதான் எங்க அப்பா இத்தனை வருஷமா நற்கருணை எடுக்கல. நேத்து தனம் ஆண்ட்டி முன்னாடி இத ஒத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம்தான் எடுத்தாரு. ஆண்ட்டிதான் வடிகட்டிக் குடுத்தாங்க."

வேறு ஏதாவது சொல்லவேண்டுமா என்று யோசித்தாள். இல்லையென்று தோன்றியது. உட்கார்ந்தாள்.

ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். சம்பத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போடாமல் கையிலேயே வைத்திருந்தார். கன்னியம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். தனம் அழவில்லை. மடியில் இருந்த பையை எடுத்துப் பக்கத்தில் பெஞ்சுமேல் வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

ஆயர் பாட்டு எண்ணைச் சொன்னார். பாட்டு கொஞ்சம் தாமதமாகத்தான் எழும்பியது.

*

கல்லறைத் தோட்டத்தில் வெயில் சாய்ந்திருந்தது. கயிறு கட்டிப் பெட்டியை இறக்கினார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து பிடிமண் போட்டார்கள். தனமும் வரிசையில் வந்து, மண்ணை அள்ளி, உதிர்த்துவிட்டு நகர்ந்தாள். கன்னியம்மாவுக்குப் பக்கத்தில்தான் அவள் கடந்துபோனாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்ததும், வந்தவர்கள் மீதமிருந்த பூவில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டுக் கல்லறைகளைப் பார்க்கப் போவது அங்கே வழக்கம். இங்குமங்குமாகக் கலைந்து நின்று, ஒரு மெழுகுவத்தி ஏற்றி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியேறுவார்கள். பிரிட்டோ அக்காவிடம் கோயிலிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாசலுக்கு வெளியே வேனில் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்தான். ஜாஸ்மின் வாசலோரக் குழாயில் கையைக் கழுவினாள். நகத்துக்குள் மண் ஏறியிருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

வேன்காரர் இஞ்சினைப் போட்டுவிட்டார். பிரிட்டோ வாசலுக்குத் திரும்பி வந்தான்.

"அம்மா எங்க?"

ஜாஸ்மின் ஈரக் கையை நீட்டிக் காட்டினாள்.

தோட்டத்தின் பழைய பக்கத்தில், மோகன்ராஜின் துருப்பிடித்த இரும்புச் சிலுவைக்கு முன்னால் தனம் குந்தியிருந்தாள். சிலுவையைச் சுற்றி வளர்ந்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி கன்னியம்மா ஏசுபாதத்தின் மாலையிலிருந்து உதிர்த்த பூவைக் கைநிறைய வைத்துக்கொண்டு நின்றாள். முன்னால் போகவுமில்லை, திரும்பவுமில்லை. பிறகு பூவைச் சிலுவையடியில் வைத்தாள். முட்டிவலிக்காரி. ஒரு கையைத் தரையில் ஊன்றி மெல்லக் குந்தினாள். தனம் தலையைத் திருப்பவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். கன்னியம்மா தன் பக்கத்துப் புல்லைப் பிடுங்கத் தொடங்கினாள்.

புல் நிறைய இருந்தது.

பிரிட்டோ பார்த்துக்கொண்டே நின்றான். வேன்காரர் ஹாரன் அடித்தார். அவன் வாசலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"அண்ணா, வண்டிய ஆஃப் பண்ணிடு," என்றான். "கொஞ்சம் நேரமாவும்."